டர்போ கார் பெட்ரோலைக் குடிக்கிறதா? செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

வெர்னா டர்போ, ஐ20 என் லைன், விர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5 போன்ற கார்களை வாங்கியவர்கள் சில மாதங்களிலேயே கேட்க ஆரம்பிக்கும் கேள்வி ஒன்றுதான்: “மைலேஜ் ஏன் இப்படி அடிவாங்குகிறது?” வாங்கும்போது காகிதத்தில் 20 இருந்தது. சென்னை ஓஎம்ஆர் நெரிசலில் ஓட்டினால் 10, 11-ஐத் தாண்ட மறுக்கிறது. “டர்போன்னா அப்படித்தான் சார், பெர்ஃபார்மன்ஸ் வேணும்னா பெட்ரோல் குடிக்கும்” என்ற பதிலோடு பலர் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அந்தச் சமாதானம் தேவையில்லை. இந்தக் கார்களிடமிருந்து நல்ல மைலேஜை நியாயமாகவே எதிர்பார்க்கலாம். அதற்கு டர்போ எப்போது பெட்ரோலைக் கேட்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

காலியான நான்குவழிச் சாலையில் 80-ல் சீராகப் போகும்போது டர்போ பெயருக்குத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். காரை அந்த வேகத்தில் தள்ள இன்ஜினின் மொத்த சக்தியில் சிறு பங்கே போதும். அப்போது ஓடுவது வெறும் 1,000 சிசி அல்லது 1,500 சிசி இன்ஜின், அவ்வளவுதான். ஒரு கிராம் பெட்ரோலுக்குச் சுமார் 14.7 கிராம் காற்று என்ற கணக்கில் எரிபொருள் சிக்கனமாக எரியும். ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்து, பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம், 1 பார் வரை ஏறினால் கதை மாறுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்று உள்ளே போகிறது. இன்ஜினும் டர்போவும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் சூடு தாங்க வேண்டும் என்பதற்காகப் பல இன்ஜின்களில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ, பெட்ரோலைக் கூட்டிக் கலவையை 12-க்கு 1 வரை கொழுப்பாக்கும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்குச் செலவாகும் பெட்ரோல், அதே இன்ஜின் பூஸ்ட் இல்லாமல் முழுக் காற்றை இழுக்கும்போது ஆகும் செலவைப்போல இரண்டரை மடங்கை நெருங்கிவிடும்.

ஆகவே மைலேஜை மீட்பது என்றால், தேவையில்லாமல் பூஸ்ட் கேட்கப்படும் இடங்களைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக அடைப்பது. சில இடங்களில் அதைக் கேட்பது நம் வலது கால். சில இடங்களில் கசியும் ஹோஸ், காற்று இறங்கிய டயர், விடாமல் உரசும் பிரேக். கீழே உள்ள இரண்டு பட்டியல்களும் அந்த வேலைக்காகத்தான்.

செய்ய வேண்டியவை

1. முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள். டேஷ்போர்டு திரை காட்டும் மைலேஜ் பெரும்பாலும் உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. பங்கில் ஆட்டோ கட் ஆகும் வரை டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். டேங்க் முக்கால்வாசி காலியானதும் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மீண்டும் ஆட்டோ கட் வரை நிரப்புங்கள். 420 கிலோமீட்டருக்கு 35 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 12. அடுத்தடுத்த சில டேங்குகளுக்கு இதைக் குறித்து வையுங்கள். நகரம் எவ்வளவு, ஹைவே எவ்வளவு என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இது இல்லாமல் செய்யும் எந்த மாற்றமும் பலித்ததா என்று சொல்ல முடியாது.

2. சரியான எண்ணோடு ஒப்பிடுங்கள். அராய் சான்றிதழின் எண் ஆய்வகத்தில், உருளைகளின் மேல் காரை ஓட்டி எடுத்தது. அந்தச் சோதனையின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான், ஏசி ஓடாது, கத்திப்பாரா நெரிசலும் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2025-ல் 20 சதவீதத்தைத் தொட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரு லிட்டர் இ20-ல் சுத்த பெட்ரோலைவிட 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறையும். இ10 காலத்தில் 13 கொடுத்த கார் இன்று 12.5 கொடுத்தால் காரில் கோளாறு தேட வேண்டாம். 10-க்கு இறங்கியிருந்தால் கட்டாயம் தேட வேண்டும்.

3. ஓபிடி ஸ்கேனரைச் செருகி, ஓடும்போது பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு புளூடூத் ஸ்கேனரை மாட்டி, கைபேசியில் செயலியைத் திறந்தால் போதும். திரையைப் பார்க்க பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும். கவனிக்க வேண்டியவை மூன்று.

- கூலன்ட் வெப்பநிலை: ஹைவேயில் பெரும்பாலான கார்களில் 85 முதல் 100 டிகிரிக்குள் நிலையாக நிற்க வேண்டும். சீரான ஓட்டத்தில் 70-க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து இசியூ தொடர்ந்து அதிக பெட்ரோல் ஊற்றும். பி0128 என்ற கோட் இதைத்தான் சொல்கிறது.
- லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம்: பூஜ்யத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ 5 சதவீதத்துக்குள் இருப்பது ஆரோக்கியம். இ20 காரணமாகச் சில சதவீதம் கூடுதலாகக் காட்டலாம். 10-ஐத் தாண்டினால் ஏதோ ஒன்று சரியில்லை. கூட்டலில் நின்றால் இசியூ பெட்ரோலைக் கூட்டுகிறது. காற்றுக் கசிவோ பலவீனமான பெட்ரோல் பம்போ காரணமாக இருக்கலாம். கழித்தலில் நின்றால் எங்கோ பெட்ரோல் மிகுதியாக வருகிறது. ஒழுகும் இன்ஜெக்டரையோ சென்சாரையோ பார்க்க வேண்டும்.
- உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை: வெளியே 35 டிகிரி இருக்கும்போது ஹைவேயில் 45 வரை காட்டுவது சகஜம். ஓட்டத்திலும் 60-ஐத் தாண்டியே நின்றால் இன்டர்கூலரின் மேல் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடான காற்று நாக் (கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வரவழைக்கும். இசியூ இக்னிஷனைப் பின்தள்ளும். அதே பெட்ரோலில் கிடைக்கும் இழுவை குறையும்.

4. பூஸ்ட் கசிவைத் தேடுங்கள். ஓரளவு ஓடிய டர்போ காரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்டேக்குக்கும் போகும் ரப்பர் ஹோஸ்களை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி இந்தக் குழாய்களுக்குள் எப்போதும் கொஞ்சம் இருக்கும். கசியும் இடத்தில் அது வெளியே வந்து, கிளாம்பைச் சுற்றி ஈரமாகப் படிந்து, அதன் மேல் சாலைப் புழுதி ஒட்டிக் கறுப்பு வளையமாகத் தெரியும். ஹோஸ் ஓரத்தில் விரலை ஓட்டினால் பிசுபிசுக்கும். இன்றைய கார்களில் இசியூ கேட்ட அழுத்தம் வந்தே ஆக வேண்டும் என்பதால், கசிவை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுழலும். எக்ஸாஸ்ட் பக்கம் எதிரழுத்தம் கூடும். காற்றும் கூடுதலாகச் சூடாகும். ஓட்டுபவருக்கு இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது, பெட்ரோல் பில்லில் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத கசிவுக்கு ஸ்மோக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பூஸ்ட் போதவில்லை என்று சொல்லும் பி0299 என்ற கோட் வந்திருந்தால், டர்போவையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னாலும், ஹோஸையும் டைவர்ட்டர் வால்வையும் வேஸ்ட்கேட்டையும் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

5. பிளக், ஃபில்டர், ஆயில் மூன்றையும் கெடு தப்பாமல் மாற்றுங்கள். டர்போ இன்ஜினின் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். பிளக் இடைவெளி கொஞ்சம் அகன்றாலும் பொறி தடுமாறும். கையேட்டில் உள்ள அதே பிளக், அதே இடைவெளி. ஆயிலில் கிரேடு மட்டும் போதாது, தரச்சான்றும் பார்க்க வேண்டும். குறைந்த சுற்றில் அதிகச் சுமை விழும்போது பொறி வருவதற்கு முன்பே கலவை தீப்பிடிக்கும் கோளாறு, டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களுக்கே உரியது. அதைத் தடுக்கும் பாதுகாப்போடு 2020-ல் வந்த தரம் ஏபிஐ எஸ்பி. டப்பாவில் அந்த எழுத்துகளோ, உங்கள் தயாரிப்பாளரின் சொந்தத் தர எண்ணோ இருக்கிறதா என்று பார்த்து ஊற்றச் சொல்லுங்கள்.

6. சக்கரம் தடையில்லாமல் உருள்கிறதா என்று பாருங்கள். டயர் காற்றை மாதம் இருமுறை, வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஒரு ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்த காலிப்பர் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அலைன்மென்டையும் அதே கையோடு சரிபாருங்கள்.

7. வேகத்தை மிதமாக எடுங்கள், சீக்கிரம் மேல் கியருக்குப் போங்கள். இந்த இன்ஜின்களின் பலம் கீழேயே கிடைக்கிறது. ஐ20 என் லைனின் 172 என்எம் டார்க் 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். வெர்னா டர்போவின் 253 என்எம்மும் அப்படித்தான். 5,000 வரை இழுத்து கியர் மாற்ற வேண்டிய அவசியம் அன்றாட ஓட்டத்தில் இல்லை. சமதளத்தில் 2,000 முதல் 2,500-க்குள் மாற்றினால் போதும். ஆமை வேகத்தில் ஊர்ந்து எடுப்பதிலும் லாபம் கிடையாது. மிதமாக அழுத்தி வேகத்துக்கு வந்து, பிறகு காலைத் தளர்த்தி சீராகப் போவதே சிக்கனம். விர்ட்டஸ் ஜிடி, ஸ்லாவியா 1.5 ஆகியவற்றில் சுமை குறைந்தால் நான்கில் இரண்டு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுக்கும். கால் நடுங்காமல் சீராக இருந்தால் அந்த ஓய்வு நீளும்.

8. ஹைவேயில் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 90-லிருந்து 120-க்குப் போனால் தடை 78 சதவீதம் கூடும். சென்னையிலிருந்து கிருஷ்ணகிரி வரை 90, 95-ல் பிடித்துப் போகும் கார் 17, 18 கொடுக்க முடியும். அதே கார், அதே சாலை, 120 என்றால் நான்கைந்து கிலோமீட்டர் கரைந்துவிடும். மைலேஜ் குறைகிறது என்று வருந்துபவர் இந்த ஒன்றை மட்டும் மாற்றினாலே அடுத்த டேங்கில் பலன் தெரியும். தமிழ்நாட்டின் நான்குவழிச் சாலைகளில் காருக்கான வேக வரம்பே 100 தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

9. முன்கூட்டியே காலை எடுங்கள், கியரிலேயே இருங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்சிலரேட்டரை விட்டால், கியரில் உருளும் காரின் இன்ஜெக்டர்கள் மூடிக்கொள்ளும். பெட்ரோல் துளிகூடப் போகாது. ஊட்டியிலிருந்து இறங்கும்போது திரையில் உடனடி மைலேஜ் உச்சத்தில் நிற்பது இதனால்தான். இன்ஜின் பிரேக்கிங்கால் பிரேக்கும் சூடாகாது.

10. சின்னச் சின்ன ஓட்டங்களை ஒன்றாக்குங்கள். குளிர்ந்த இன்ஜின் முதல் சில கிலோமீட்டர்களுக்குக் கொழுப்பான கலவையில்தான் ஓடும். காலையில் பால், பத்து மணிக்கு வங்கி, மதியம் மருந்துக்கடை என்று மூன்று முறை எடுப்பதைவிட ஒரே சுற்றில் முடிப்பது நல்லது.

செய்யக்கூடாதவை

1. நியூட்ரலில் உருட்டாதீர்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமலிருக்க பெட்ரோல் ஊற்ற வேண்டும். கியரில் இருந்தால் சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். மலைப்பாதையில் நியூட்ரல் உயிருக்கே ஆபத்து.

2. மேல் கியரில் இன்ஜினைத் திணறவிடாதீர்கள். சிக்கனம் என்று நினைத்து ஆறாவது கியரில் 1,200 ஆர்பிஎம்மில் காலை அழுத்தினால், தான் சுழலும் வேகத்துக்கு மீறிய பூஸ்டை இன்ஜின் கேட்கும். பொறிக்கு முன்பே கலவை தீப்பிடிக்கும் அபாயம் இந்த இடத்தில்தான் அதிகம், பிஸ்டனே உடையலாம். வேகம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள்.

3. நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். காலையில் ஐந்து நிமிடம் சூடேற்றத் தேவையில்லை. ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்தில் கிளம்பி, இன்ஜின் சூடாகும் வரை மெதுவாக ஓட்டுங்கள். ஹைவேயில் விரட்டி ஓட்டிவிட்டு நிறுத்தும்போது மட்டும் ஒரு நிமிடம் ஐட்லிங் விடுவது டர்போவுக்கு நல்லது. கடைசிச் சில கிலோமீட்டர்களை நிதானமாக ஓட்டி வந்தால் அதுவும் வேண்டாம். டர்போ டைமர் பொருத்துவது இன்றைய கார்களுக்கு வெட்டிச் செலவு.

4. பேட்டரியைக் கழற்றி இசியூவை “ரீசெட்” செய்யாதீர்கள். இத்தனை நாளாக அது கற்றுவைத்த திருத்தங்கள் அனைத்தும் அழியும். கோளாறு அப்படியே இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் தடயம் மட்டும் போய்விடும்.

5. ஆக்டேனை ஆற்றல் என்று நினைக்காதீர்கள். எக்ஸ்பி95, எக்ஸ்பி100 போன்றவை நாக் வராமல் தாங்கும் திறனில்தான் உயர்ந்தவை. இன்ஜின் நாக் காரணமாக இக்னிஷனைப் பின்தள்ளிக்கொண்டிருந்தால் அவை உதவும். இல்லையென்றால் கூடுதல் விலைக்கு ஈடான மைலேஜ் வராது. டேங்க் மூடியின் உட்புறத்தில் எந்த ஆக்டேன் எழுதியிருக்கிறதோ, அதற்குக் கீழே போகாமலிருந்தால் போதும்.

6. குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை, ஹைட்ரஜன் கிட் எதையும் நம்பாதீர்கள். உங்கள் பணம் இவற்றில் வீணாகப் போவதைப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. நல்ல இன்ஜெக்டர் கிளீனருக்கு ஓரளவு பயன் உண்டு, அதற்கும் எல்லை உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அங்கே படியும் கரியை டேங்கில் ஊற்றும் எதுவும் கழுவாது. இன்டேக்கைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

7. சத்தத்துக்காக மாற்றங்கள் செய்யாதீர்கள். திறந்தவெளி ஏர் ஃபில்டர் பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை இழுக்கும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால், உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் படிந்து தவறான கணக்குக் கொடுக்க வைக்கும். மாஃப் சென்சார் உள்ள கார்களில், “புஸ்ஸ்” என்று வெளியே காற்றை விடும் புளோ ஆஃப் வால்வு, ஏற்கெனவே அளந்து கணக்கில் எடுத்த காற்றைத் தூக்கி வெளியே எறிகிறது. அந்த நொடியில் கலவை கொழுத்துவிடும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பது புகையையும் கூட்டும், சட்டத்துக்கும் விரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடுக்கிறது. “பவரும் கூடும், மைலேஜும் கூடும்” என்று சொல்லி விற்கும் ரீமேப், இலேசான ஓட்டத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கொடுத்தாலும், கூடிய பவரை ருசி பார்க்கும் கால் அதைத் திருப்பி வாங்கிவிடும். வாரண்டியும் போகும்.

8. பெரிய அலாய் வீலுக்கு ஆசைப்படாதீர்கள். எடை கூடும், அகலமான டயரின் உராய்வு கூடும். டயரின் மொத்த விட்டம் 3 சதவீதம் பெரிதானால் ஓடோமீட்டர் 3 சதவீதம் குறைவாகக் காட்டும். கணக்கில் வரும் மைலேஜும் அவ்வளவு குறைந்து தெரியும்.

9. நெரிசலில் ஸ்போர்ட் மோடில் ஓட்டாதீர்கள். கியர்பாக்ஸ் கீழ் கியரைப் பிடித்துக்கொண்டே இருக்கும், பூஸ்ட் எப்போதும் தயாராகக் காத்திருக்கும். டிசிடி, டிஎஸ்ஜி கார்களில் முன்னால் உள்ள வண்டியை ஒட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்துவதையும் விடுங்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு, இடம் கிடைத்ததும் ஒரே நகர்வாகப் போங்கள். பெட்ரோலும் மிச்சம், கிளட்ச்சும் பிழைக்கும்.

10. பாதுகாப்பை விற்று மைலேஜ் வாங்காதீர்கள். சொன்னதற்கு மேல் டயரில் காற்று ஏற்றினால் மழைச் சாலையில் பிடி குறையும். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போய்க் காற்றுத் தடையைக் குறைக்கும் வித்தை எமனோடு விளையாட்டு. மே மாத வெயிலில் ஏசியை அணைத்து வியர்த்து ஓட்டுவதும் வேண்டாம். ஹைவே வேகத்தில் கண்ணாடியைத் திறந்துவைத்தால் காற்றுத் தடையே ஒரு பங்கைத் தின்றுவிடும். முந்தும்போது முழு பூஸ்டும் தேவையென்றால் தயங்காமல் மிதியுங்கள். டர்போ இருப்பதே எதிர்ப்பக்கத்தில் கழியும் நொடிகளைக் குறைக்கத்தான்.

எந்த வரிசையில் தொடங்குவது?

இந்த வாரம் டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அந்த டேங்க் முடியும் வரை எதையும் மாற்றாமல் வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த டேங்கில் ஓட்டும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்: ஹைவேயில் 95, நகரத்தில் முன்கூட்டியே கால் எடுப்பது, 2,500-க்குள் கியர். மைலேஜ் தெளிவாக ஏறினால் காரில் பெரிய குறை இல்லை. ஏறவில்லை என்றால் மூன்றாவது டேங்குக்கு முன் ஸ்கேனரையும் டார்ச்சையும் எடுங்கள். தெர்மோஸ்டாட், ஹோஸ், பிளக், பிரேக் என்று பாருங்கள். ஒர்க் ஷாப்புக்குப் போகும்போது “மைலேஜ் வரலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று டேங்கின் கணக்கையும், கூலன்ட் வெப்பநிலையையும், ஃபியூல் ட்ரிம்மையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். நல்ல மெக்கானிக் அந்தத் தாளைப் பார்த்ததும் எங்கே கைவைக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவார்.